பட்டம் பெற்ற பிறகும் பாடம்: பந்தயக் குதிரை மருத்துவர்கள் ஏன் படித்துக்கொண்டே இருக்கிறார்கள்?

ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரத்து மாணவர்களுக்கு இரண்டு இடங்கள் நன்கு தெரிந்திருக்கும். ஒன்று, சுங்கை பீசியில் உள்ள சிலாங்கூர் குதிரைப் பந்தயத் திடல். மற்றொன்று, செர்டாங்கில் உள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகம். ஒன்றில் குதிரைகள் ஓடுகின்றன. மற்றொன்றில், குதிரை உட்பட எல்லா விலங்குகளுக்கும் மருத்துவம் பார்க்கக் கற்றுத் தருகிறார்கள். இரண்டுக்கும் இடையே காரில் சில நிமிடத் தூரம்தான்.

சிலாங்கூர் பந்தயக் கழகம் 1896-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் பழைய திடல் கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் இருந்தது. இன்று இரட்டைக் கோபுரமும் அதன் பூங்காவும் இருக்கும் இடத்தில்தான் அன்று குதிரைகள் ஓடின. 1990-களின் தொடக்கத்தில் திடல் சுங்கை பீசிக்கு இடம் மாறியது.

குதிரைப் பந்தயம் என்றதும் பலருக்குப் பணம் கட்டுவதுதான் நினைவுக்கு வரும். அது நம் பாடம் அல்ல. ஓடுகிற குதிரையையும் அதன் முதுகில் இருக்கும் ஜாக்கியையும் உயிரோடு வீடு திரும்ப வைப்பது யார், அதற்கு அவர் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதே நம் கேள்வி.

கால்நடை மருத்துவப் பட்டப் படிப்பு ஐந்து ஆண்டுகள். ஒருவர் 1990-இல் பட்டம் பெற்று, அன்று படித்ததை மட்டுமே வைத்து இன்றும் பந்தயக் குதிரைகளைக் கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எங்கெங்கே தவறுவார்? இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்தால், மருத்துவர்களுக்குத் தொடர்கல்வி ஏன் தேவை என்பது தானாகவே விளங்கும்.

பந்தய நாளில் மருத்துவரின் வேலை

பந்தயத் திடலில் இரண்டு வகைக் கால்நடை மருத்துவர்கள் உண்டு. ஒருவர், லாயத்தில் குதிரைக்குச் சிகிச்சை அளிப்பவர். அவரை அழைப்பவர் உரிமையாளர் அல்லது பயிற்சியாளர். இன்னொருவர், பந்தய நிர்வாகத்தின் சார்பில் குதிரை ஓடத் தகுதியானதா என்று முடிவு செய்பவர். இவர் குதிரையின் கால்களைத் தடவிப் பார்ப்பார். மூட்டில் வீக்கம் உண்டா, தசைநாரில் சூடு தெரிகிறதா என்று கவனிப்பார். குதிரையை நேர்க்கோட்டில் ஓடவிட்டு, நடையில் நொண்டல் இருக்கிறதா என்று பார்ப்பார். பந்தயம் நடக்கும்போது அவசர ஊர்தியோடு தயாராக இருப்பார். முடிந்ததும், தடை செய்யப்பட்ட மருந்து உடலில் உள்ளதா என்று அறிய இரத்தமும் சிறுநீரும் எடுக்கப்படும்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒரு கேள்வி இருக்கிறது: இந்தக் குதிரை இன்று ஓடலாமா? இதற்கு விடை சொல்லும் முறைதான் கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது.

நடுவிரல் நுனியில் அரை டன்

உங்கள் கையை மேசைமேல் நிமிர்த்தி வைத்து, நடுவிரல் நுனியை மட்டும் ஊன்றிப் பாருங்கள். குதிரை நிற்பது அப்படித்தான். அதன் ஒவ்வொரு முன்னங்காலும் ஒரே ஒரு விரலின் நுனியில் நிற்கிறது. குளம்பு என்பது அந்த விரலின் நகம். நாம் குதிரையின் 'முன்முழங்கால்' என்று நினைப்பது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே உள்ள நீண்ட எலும்பு, நம் உள்ளங்கையில் நடுவிரலுக்குப் பின்னால் இருக்கும் எலும்புக்குச் சமம்.

பந்தயக் குதிரையின் எடை ஏறக்குறைய 500 கிலோகிராம். மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேல் அது ஓடும். அந்த வேகத்தில் ஒவ்வொரு பாய்ச்சலிலும், ஒரு நொடியின் சிறு பகுதிக்கு, உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு விசையை ஒரே ஒரு முன்னங்கால் தாங்குகிறது. கணக்குப் போட்டால் 1,250 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை. நம் சாலைகளில் ஓடும் ஒரு மைவி காரின் எடையைவிட அது அதிகம். 1,200 மீட்டர் பந்தயத்தில் இப்படி 150 முறைக்கும் மேல் நடக்கிறது.

குதிரை ஓடும்போது கால் எலும்பு முறிந்தால், "தவறாகக் கால் வைத்துவிட்டது, துரதிர்ஷ்டம்" என்பதுதான் முன்பு பலரும் சொன்ன விளக்கம். அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட்டால், தடுக்க வழி தேட வேண்டியதில்லை.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 1990-ஆம் ஆண்டிலிருந்து பந்தயத் திடல்களில் இறக்கும் குதிரைகளுக்குச் சவப் பரிசோதனை செய்யப்படுகிறது. டேவிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் முறிந்த எலும்புகளை நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். பெரும்பாலான முறிவுகளில், அன்று ஏற்பட்ட உடைவுக்கு அருகே பழைய காயத்தின் அடையாளம் இருந்தது. அதாவது, எலும்பு ஒரே நொடியில் கெடவில்லை. பல வாரங்களாகக் கெட்டுக்கொண்டே வந்து, பந்தய நாளில் முறிந்திருக்கிறது.

ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகும்? முதல் பத்து முறையில் ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு முறை வளைக்கும்போது 'பட்' என்று ஒடியும். அந்தக் கடைசி வளைப்பு மட்டும் குற்றவாளி அல்ல. இதைப் பொருள்களின் களைப்பு என்பார்கள். ஆனால் எலும்பு கம்பியைப் போன்றது அல்ல. அது உயிருள்ள திசு. தன்னில் விழும் நுண்ணிய விரிசல்களைத் தானே சரி செய்துகொள்ளும். எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் முதலில் சேதமான பகுதியை அகற்றும். பிறகு எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் அந்தக் குழியை நிரப்பும்.

சிக்கல் வேகத்தில்தான் இருக்கிறது. அகற்றும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். நிரப்பும் வேலைக்குச் சில மாதங்கள் ஆகும். சாலையில் பழைய தாரைப் பெயர்த்தெடுத்துவிட்டு, புதிய தார் போடுவதற்கு முன் போக்குவரத்தைத் திறந்துவிட்டால் எப்படி இருக்கும்? நீண்ட ஓய்வுக்குப் பிறகு பயிற்சிக்குத் திரும்பும் குதிரையின் நிலையும் அப்படி இருக்கலாம். வெளியே பார்க்க அது நன்றாக இருக்கும், துள்ளும், ஓட ஆசைப்படும். உள்ளே எலும்பு பலவீனமாக இருக்கும். மேற்கால் எலும்பான ஹியூமரஸில் ஏற்படும் முறிவுகளுக்கும் இப்படி ஓய்விலிருந்து திரும்பும் காலத்துக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டின.

ஆகவே இன்றைய மருத்துவர் குதிரையின் காலை மட்டும் பார்ப்பதில்லை. அதன் நாட்குறிப்பையும் பார்க்கிறார். கடந்த மாதங்களில் எவ்வளவு தூரம் வேகமாக ஓடியது? எவ்வளவு நாள் ஓய்வில் இருந்தது? வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினார்களா? 1990-இல் பட்டம் பெற்றவருக்கு இந்தக் கேள்விகளைக் கல்லூரி கற்றுத் தந்திருக்காது. விடைகள் பிறகுதான் கிடைத்தன.

ஊடுகதிர்ப் படத்துக்கு எட்டாதது

நுண்விரிசல்கள் சாதாரண எக்ஸ்-ரே படத்தில் பெரும்பாலும் தெரியாது. அதனால் புதிய கருவிகள் வந்தன.

2019-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் சாண்டா அனிட்டா பந்தயத் திடலில் முப்பதுக்கும் மேற்பட்ட குதிரைகள் இறந்தன. மக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் அங்கே குதிரைகளுக்கென்றே உருவாக்கப்பட்ட பெட் ஸ்கேன் கருவி நிறுவப்பட்டது. மிகக் குறைந்த அளவு கதிரியக்க ஃபுளோரின்-18 அடங்கிய மருந்தைக் குதிரையின் இரத்தத்தில் செலுத்துவார்கள். எலும்பு எங்கே மும்முரமாகத் தன்னைச் சரி செய்துகொண்டிருக்கிறதோ, அங்கே அந்த மருந்து அதிகம் சேரும். படத்தில் அந்த இடம் ஒளிரும். ஃபுளோரின்-18-இன் அரை ஆயுள் ஏறக்குறைய 110 நிமிடங்கள். எனவே ஒரு நாளுக்குள் அது ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடும். படிவம் 5 இயற்பியலில் அரை ஆயுள் படிக்கும் மாணவர்கள், 11 மணி நேரத்துக்குப் பிறகு எவ்வளவு மீதி இருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

முன்பு இப்படிப்பட்ட படம் எடுக்கக் குதிரையை மயக்கிப் படுக்கவைக்க வேண்டும். மயக்கம் தெளிந்து எழும்போது தடுமாறி விழுந்து கால் முறியும் ஆபத்து உண்டு. புதிய கருவியில், லேசான அமைதி மருந்து மட்டும் கொடுத்து, குதிரை நின்றபடியே இருக்கப் படம் எடுக்கலாம். ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற மெல்பர்ன் கோப்பைப் பந்தயத்திலும், 2020-இல் ஆண்டனி வான் டைக் என்ற குதிரை ஓட்டத்தின் நடுவே கால் முறிந்து இறந்த பிறகு, 2021 முதல் பந்தயத்துக்கு முன் குதிரைகளின் கால்களை ஸ்கேன் செய்வது விதியாகிவிட்டது.

கருவியை வாங்கிவிடலாம். ஆனால் படத்தை வாசிக்க ஒருவர் வேண்டுமே! எந்த ஒளிர்வு ஆபத்து, எது இயல்பான பயிற்சியின் விளைவு என்று பிரித்தறிய, நூற்றுக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழக வேண்டும். நொண்டலைக் கண்டறிவதும் அப்படித்தான். லேசான நொண்டலில், அனுபவமிக்க மருத்துவர்களே ஒரே குதிரையைப் பார்த்து வெவ்வேறு முடிவுக்கு வருகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. உங்கள் கைப்பேசியில் உள்ள முடுக்கமானி போன்ற சிறு உணரிகளைக் குதிரையின் உடலில் பொருத்தி, கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டை அளக்கும் முறையும் இப்போது வந்துவிட்டது.

பலன் உண்டா? அமெரிக்காவில் தொகுக்கப்படும் குதிரைக் காயத் தரவுத்தளம் இதற்குப் பதில் சொல்கிறது. 2009-இல் ஒவ்வோர் 1,000 பந்தய ஓட்டங்களுக்கும் 2.00 உயிரிழப்புகள் பதிவாயின. 2022-இல் அது 1.25 ஆகக் குறைந்தது. ஒரே ஒரு காரணத்தால் அல்ல. ஓடுதளப் பராமரிப்பு, மருந்துக் கட்டுப்பாடு, பந்தயத்துக்கு முந்தைய பரிசோதனை, பயிற்சி எல்லாம் சேர்ந்துதான். ஆனால் இந்தக் குறைவு ஒன்றைத் தெளிவாக்குகிறது: முறிவு என்பது வெறும் தலையெழுத்து அல்ல.

நம் வெயிலில் ஓடும் குதிரை

இனி நம் ஊர் நிலைமையைப் பார்ப்போம். மலேசியாவில் ஓடும் குதிரைகளில் பல, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளிலிருந்து வருபவை. அங்கே பழகிய உடல், இங்கே வெப்பமும் ஈரப்பதமும் ஒன்றாகத் தாக்கும் காற்றில் ஓட வேண்டும்.

தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் ஓட்டமாக மாறுகிறது. மீதி வெப்பமாகிறது. குதிரையின் இயல்பான உடல் வெப்பநிலை 38 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். கடும் ஓட்டத்துக்குப் பின் அது 42 பாகையைத் தொடலாம். மனிதனைப் போலவே குதிரையும் வியர்த்துத்தான் பெருமளவு குளிர்கிறது. ஆனால் வியர்வை வழிவதால் குளிர்ச்சி வராது, ஆவியாக வேண்டும். ஈரப்பதம் மிகுந்த நம் காற்றில் ஆவியாதல் மெதுவாகவே நடக்கும். சில குதிரைகளுக்கு வெப்ப நாடுகளில் வியர்ப்பதே நின்றுவிடும் ஒரு நோயும் உண்டு.

"சூடான குதிரைமேல் குளிர்ந்த நீரை ஊற்றாதே, தசை பிடித்துக்கொள்ளும்" என்று பல தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். 1996-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டி வெப்பமும் ஈரமும் நிறைந்த அட்லாண்டா நகரில் நடக்கவிருந்தபோது, விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குளிர்ந்த நீரை உடல் முழுவதும் தொடர்ந்து ஊற்றுவது குதிரைக்குக் கேடு செய்யவில்லை. வெப்பநிலையை விரைவாகக் குறைத்தது. பழைய அறிவுரைதான் ஆபத்தானது.

கணக்கும் இதையே சொல்கிறது. உடல் திசுவின் தன்வெப்பக் கொள்ளளவைக் கிலோகிராமுக்கு 3.5 கிலோஜூல் என்று கொள்வோம். 500 கிலோகிராம் குதிரையை 1 பாகை குளிர்விக்க 1,750 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். 1 லிட்டர் நீர் 20 பாகை சூடேறும்போது ஏறக்குறைய 84 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஆக, ஒரு துளிகூட வீணாகாவிட்டாலும் 1 பாகைக்கு 21 லிட்டர் தேவை! ஒரு வாளித் தண்ணீரும் ஈரத் துணியும் போதாது என்பது இப்போது புரிகிறதா? இது தெரிந்த மருத்துவர், பந்தயம் தொடங்கும் முன்பே குளிர்ந்த நீர், தொட்டிகள், ஆட்கள் எல்லாம் தயாராக உள்ளனவா என்று பார்ப்பார்.

பாடநூலில் மட்டும் இருந்த நோய்

2020 மார்ச் மாதம் தாய்லாந்தின் நாக்கோன் ராட்சசிமா மாநிலத்தில் குதிரைகள் திடீரெனச் சாகத் தொடங்கின. காய்ச்சல், கண்ணுக்கு மேலே வீக்கம், மூக்கில் நுரை. பரிசோதனையில் அது ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்று உறுதியானது. தென்கிழக்காசியாவில் அதற்குமுன் அந்த நோய் வந்ததில்லை. அங்கிருந்த மருத்துவர்களுக்கு அது பாடநூலின் ஒரு பக்கம் மட்டுமே. 500-க்கும் மேற்பட்ட குதிரைகள் இறந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் நம் திரெங்கானு மாநிலத்திலும் நோய் பதிவானது.

இந்தக் கிருமி மனிதரைத் தாக்காது. மலாயில் 'அகாஸ்' எனப்படும், கொசுவைவிடச் சிறிய கடிக்கும் பூச்சிகள்தாம் இதைப் பரப்புகின்றன. சாதாரணக் கொசுவலையின் துளை வழியாக அவை புகுந்துவிடும். ஆகவே மிக நெருக்கமான வலையால் லாயத்தை மூட வேண்டும். பூச்சிகள் அதிகம் கடிக்கும் அந்திப் பொழுதிலிருந்து விடியும்வரை குதிரைகளை உள்ளே வைக்க வேண்டும். குதிரைகளின் இடமாற்றத்தை நிறுத்த வேண்டும். இவற்றை மருத்துவர்கள் சில நாள்களுக்குள் கற்றுக்கொண்டு, லாயத்தில் உள்ளவர்களுக்கும் கற்றுத்தர வேண்டியிருந்தது.

இன்னொரு கதை மனிதரையும் தொடுகிறது. 1994-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ஹெண்ட்ரா என்ற பகுதியில் இருந்த பந்தயக் குதிரை லாயத்தில் பத்துக்கும் மேற்பட்ட குதிரைகளும் அவற்றின் பயிற்சியாளரும் இறந்தனர். பழந்தின்னி வெளவால்களிடமிருந்து வந்த ஒரு புதிய கிருமி காரணம் என்று தெரிந்தது. அதற்கு ஹெண்ட்ரா என்றே பெயரிட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து நம் நாட்டில் பன்றிப் பண்ணைகளில் நோய் பரவி, 1999-க்குள் 105 பேர் உயிரிழந்தனர். முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து, கொசுவை ஒழிப்பதில் கவனம் செலுத்தினார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். அது ஹெண்ட்ராவின் நெருங்கிய உறவு. அதுதான் நிப்பா. ஒரு குதிரை லாயத்தில் கிடைத்த பாடம், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி நம் நாட்டு நோயை அடையாளம் காண உதவியது.

இதில் மருத்துவர்களின் உயிரும் அடங்கியிருக்கிறது. 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் நோயுற்ற குதிரைகளைக் கவனித்த இரண்டு ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர்கள் ஹெண்ட்ரா தொற்றி இறந்தனர். அதன் பிறகு, நோயுள்ள குதிரையை நெருங்கும்போது முகக்கவசம், கையுறை, பாதுகாப்பு உடை அணியும் பழக்கம் அங்கே வலுப்பெற்றது. 2012-இல் குதிரைகளுக்கான தடுப்பூசியும் வந்தது.

எப்படிப் படிக்கிறார்கள்?

மலேசியாவில் 1974-ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டத்தின்படி, மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிந்தவர்கள்தாம் இந்தத் தொழிலைச் செய்யலாம். கருத்தரங்குகளிலும் பட்டறைகளிலும் கலந்துகொள்ளும் மருத்துவர்களுக்குத் தொடர்கல்விப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. அமெரிக்காவில் 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பந்தயப் பாதுகாப்பு விதிகள், ஒழுங்குமுறை மருத்துவர்களோடு பயிற்சியாளர்கள், ஜாக்கிகள், குதிரைப் பராமரிப்பாளர்கள் ஆகியோருக்கும் ஆண்டுதோறும் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கியுள்ளன.

இந்த வகுப்புகளில் விரிவுரை ஒரு பகுதிதான். இறந்த குதிரையின் கால்களில் ஊசி போடவும் ஸ்கேன் செய்யவும் பழகுவார்கள். ஓடும் குதிரையின் காணொளியைப் பார்த்து ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெழுதி, பிறகு ஒப்பிடுவார்கள். சவப் பரிசோதனை முடிவுகளைப் பயிற்சியாளருடன் சேர்ந்து அலசி, எந்த நாளில் எதைக் கவனித்திருந்தால் குதிரை பிழைத்திருக்கும் என்று தேடுவார்கள்.

பராமரிப்பாளர்களையும் சேர்த்துக்கொள்வதில் நல்ல காரணம் உண்டு. நம் நாட்டு லாயங்களில் 'சைஸ்' என்று அழைக்கப்படும் அவர்கள்தாம் விடியற்காலையில் குதிரையை முதலில் தொடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக நம் தமிழர்களும் அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். "நேற்று இல்லாத சூடு இன்று இந்தக் காலில் இருக்கிறது, டாக்டர்" என்று ஒருவர் சொல்வது, விலையுயர்ந்த எந்தக் கருவியையும்விட முன்னதாக வரும் எச்சரிக்கை.

"இன்று வேண்டாம்" என்ற சொல்

தொடர்கல்வி தருவது தகவல் மட்டுமல்ல. ஒரு குதிரைக்குப் பின்னால் உரிமையாளரின் பணம், பயிற்சியாளரின் பெயர், ஜாக்கியின் வருமானம் எல்லாம் இருக்கின்றன. வலி மருந்து கொடுத்தால் நொண்டல் மறைந்துவிடும். ஆனால் விரிசல் மறையாது. வலி என்பது உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி. மணியின் வாயை அடைத்துவிட்டு ஓடவிட்டால் முறிவுதான் மிச்சம். குதிரை விழுந்தால் ஜாக்கியும் விழுவார். பின்னால் வருபவர்களும் விழலாம். அந்த இடத்தில் "இன்று இந்தக் குதிரை ஓட வேண்டாம்" என்று சொல்ல ஒருவருக்குத் துணிவு வேண்டும். "எனக்கு அப்படித் தோன்றுகிறது" என்றால் எதிர்ப்பு வரும். படத்தையும் அளவையும் ஆய்வையும் காட்டிச் சொன்னால் அந்தச் சொல் நிற்கும்.

மாணவர்களே, எஸ்.பி.எம். முடிந்ததும் படிப்பு முடிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறீர்கள். கால்நடை மருத்துவராக விரும்புவோருக்கு உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் எல்லாம் வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் வந்த எலும்பு, கிருமி, அரை ஆயுள், தன்வெப்பக் கொள்ளளவு ஆகியவையே காட்டிவிட்டன. அவற்றோடு இன்னொரு பழக்கமும் வேண்டும்: நேற்று சரி என்று படித்ததை இன்று மறுபடியும் சோதித்துப் பார்ப்பது. பேச முடியாத ஓர் உயிர் அந்தப் பழக்கத்தை நம்பித்தான் களத்தில் இறங்குகிறது.

சிந்தித்துப் பாருங்கள்

1. ஒரு குதிரை இரண்டு மாத ஓய்வுக்குப் பிறகு மிக உற்சாகமாக இருக்கிறது. அதை உடனே முழு வேகத்தில் ஓடவிடலாமா? எலும்பின் இரண்டு வகை உயிரணுக்களைக் கொண்டு விளக்குக.

2. ஒரே வெப்பநிலையில், வறண்ட பாலைவனத்தைவிடக் கோலாலம்பூரில் குதிரை குளிர்வது ஏன் கடினம்?

3. நிப்பா நோயைக் கொசுவால் பரவுவது என்று எண்ணியதால் என்ன இழப்பு ஏற்பட்டிருக்கும்? ஒரு தவறான முடிவைத் திருத்த எப்படிப்பட்ட சான்று தேவை?